எட்டுப் பேர் வந்தால் எங்கே தங்குவது?

குளிர்காலம் நெருங்கினால் மயூர் விஹார் தமிழர்களுக்கு ஊரிலிருந்து செய்தி வந்துவிடும்: "குடும்பத்தோடு தில்லி பார்க்க வருகிறோம்." எட்டுப் பேர்! இருப்பதோ இரண்டு அறை. லாட்ஜில் தங்கச் சொன்னால் மனம் கோணுவார்களே என்று தயங்கிக் கடைசி நாளில் அலைகிறவர்களுக்குத்தான் அதிக வாடகை.

முதலில் தேதியைப் பாருங்கள். வழக்கமாக நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானத்தில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி; கல்யாண சீசனும் அப்போதுதான். குடியரசு தினத்தை ஒட்டியும் நெருக்கடி உண்டு. பிப்ரவரி கடைசி நல்லது. ஆனால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விட வேண்டுமே!

சிக்கன அறைகளுக்குப் பஹாட்கஞ்ச். புது தில்லி ரயில் நிலையத்தின் முதல் பிளாட்பாரப் பக்கம் வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது. "உங்கள் ஓட்டல் மூடிவிட்டது" என்று வழிமறிக்கும் தரகரை நம்ப வேண்டாம். நீங்களே ஒரு நாள் முன்னதாகப் போய் வெந்நீர் வருகிறதா, வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேட்டுவிடுங்கள். அருகிலுள்ள ராமகிருஷ்ணா ஆசிரமம் மெட்ரோ நிலையத்தில் நொய்டா வண்டி ஏறினால், மாறாமல் மயூர் விஹார். இரவுச் சாப்பாடு உங்கள் வீட்டில் என்றால் எவருக்கும் மனக்குறை வராது.

ஓரிரவு மட்டும் தங்குவோருக்கு ரயில் நிலைய ஓய்வறை போதும். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம்.