விலை 10 பைசாதான்... யாரும் கவனிக்காத கிரிப்டோ காயினை நம்பி வாங்கலாமா?

“இன்னும் யாரும் கவனிக்கல... விலை வெறும் 10 பைசா... இப்பவே வாங்கிப் போடுங்க, அடுத்த பிட்காயின் இதுதான்!” டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் மெசேஜ் இது. முழுக்கப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. 2014-ல் எத்தீரியம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு ஈதரின் விலை சுமார் 31 சென்ட். 2021 நவம்பரில் அது 4,800 டாலரைத் தாண்டியது.

அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. ‘ஸ்க்விட் கேம்’ வெப் சீரிஸின் பெயரைப் பயன்படுத்தி வந்த ‘ஸ்க்விட்’ டோக்கன், ஒரே வாரத்தில் 1 சென்டில் இருந்து 2,800 டாலருக்கு மேல் போனது. நவம்பர் 1-ம் தேதி சில நிமிடங்களில் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்தத் தொடருக்கும் டோக்கனுக்கும் சம்பந்தமே இல்லை. விலை உச்சத்தில் இருந்தபோதே விற்க முடியாமல் தவித்தார்கள் வாங்கியவர்கள்.

இரண்டுமே ஆரம்பத்தில் பலருக்கும் தெரியாதவைதான். அப்படியென்றால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

விலை குறைவு என்றால் மலிவா?

இல்லை. பார்க்க வேண்டியது ஒரு காயினின் விலையை அல்ல. மொத்த சந்தை மதிப்பை. 10 பைசா விலையில் 1 லட்சம் கோடி காயின்கள் இருந்தால், அதன் மதிப்பு 10,000 கோடி ரூபாய். 1,000 ரூபாய் விலையில் 10 லட்சம் காயின்கள் மட்டுமே இருந்தால், மதிப்பு 100 கோடிதான். அதாவது 10 பைசா காயின்தான் 100 மடங்கு பெரியது. அது 10 ரூபாய் ஆக வேண்டுமென்றால் மொத்த மதிப்பு 10 லட்சம் கோடியாக வேண்டும். நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மிச்ச காயின்கள் யாரிடம்?

பிட்காயின் 2.1 கோடிக்கு மேல் உருவாகாது. எல்லா காயினும் அப்படியல்ல. பல புதிய திட்டங்களில் சிறு பங்கு மட்டுமே முதலில் சந்தைக்கு வரும். மீதி, தொடங்கியவர்களிடமும் ஆரம்ப முதலீட்டாளர்களிடமும் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பூட்டு திறக்கும் தேதியில் அவர்கள் விற்க ஆரம்பித்தால், விலை சரியும். இந்தத் தேதிகள் திட்டத்தின் ஒயிட் பேப்பரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு எச்சரிக்கை.

எந்த வாலட்டில் எத்தனை டோக்கன் இருக்கிறது என்பதை ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் இலவசமாகவே பார்க்கலாம். எக்ஸ்சேஞ்ச் கணக்குகளைக் கழித்த பிறகும் நாலைந்து வாலட்களில் பெரும்பகுதி குவிந்திருந்தால், விலை அவர்கள் கையில்தான்.

விற்க முடியுமா?

எவ்வளவு ஏறும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புதிய டோக்கன்கள் பெரும்பாலும் ‘லிக்விடிட்டி பூல்’ மூலம்தான் விற்பனையாகின்றன. ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் பணம். பூலில் 10 லட்சம் ரூபாய்தான் இருக்கிறது. உங்களிடம் திரையில் 10 லட்சம் மதிப்பு காட்டும் டோக்கன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பூலில் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விற்றால் கைக்கு வருவது சுமார் 5 லட்சம்தான். நீங்கள் விற்க விற்கவே விலை இறங்கும் என்பதே காரணம்.

பூலில் உள்ள பணத்தை உருவாக்கியவர்களே உருவிக்கொண்டு போக முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பரிவர்த்தனைப் பட்டியலில் வாங்கியவர்கள் மட்டும் இருந்து, விற்றவர்களைக் காணோம் என்றால் உஷார்! சின்னத் தொகைக்கு வாங்கி, உடனே விற்றுப் பார்ப்பதும் உதவும். ஆனால், விற்பனைக்கான தடையைப் பிறகு போடவும் வழி இருப்பதால், இது முழு உத்தரவாதம் ஆகாது.

யார் பயன்படுத்துகிறார்கள்?

எத்தீரியத்தை உருவாக்கியவர்கள் பெயரோடு வெளியே நின்றார்கள். அதன் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்திருந்தது. பிட்காயினில் எளிதில் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்தது: பிளாக்செயினில் புரோகிராம்களை இயக்கியது. பிறகு மற்றவர்களும் அதன்மேல் செயலிகளைக் கட்டினார்கள். இதெல்லாம் இருந்தும் தோற்ற திட்டங்கள் உண்டு. ஆனால், இவை எதுவுமே இல்லாத திட்டத்தில் நம்புவதற்கு விளம்பரம் மட்டும்தான் மிச்சம்.

‘வட்டி தருகிறோம்’ என்று ஆள் சேர்க்கிறார்களா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். டெர்ரா திட்டத்தின் யுஎஸ்டி காயினை டெபாசிட் செய்தால் 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது. 2022 மே மாதம் அந்தத் திட்டம் நொறுங்கியபோது, அதன் லூனா காயின் சுமார் 80 டாலரில் இருந்து இரண்டே வாரத்துக்குள் ஒரு சென்டுக்கும் கீழே போனது.

வரிக் கணக்கு

இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரி. ஒரு காயினில் 50,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்றால், உங்களுக்கு நிகர லாபம் எதுவுமில்லை. ஆனாலும் நஷ்டத்தைக் கழிக்க அனுமதி இல்லாததால், 4% செஸ் சேர்த்து 15,600 ரூபாய் வரி கட்ட வேண்டும். ‘பத்து காயின் வாங்கினா ஒண்ணாவது ஏறும்’ என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும். வரி வாங்குவதால் அரசு இதை அங்கீகரித்துவிட்டது என்றும் அர்த்தமில்லை.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

யாரும் கவனிக்காத காயினை வாங்குவதில் லாபம் வர, பிறகு நிறைய பேர் அதைக் கவனித்தாக வேண்டும். அவர்கள் எதற்காக வருவார்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால், வாங்காமல் இருப்பதே மேல். சொல்ல முடிந்தாலும், மொத்தமும் போனால் வீட்டுச் செலவு பாதிக்காத தொகைக்கு மேல் போக வேண்டாம். நகைக்கடனும் பெர்சனல் லோனும் வாங்கி இதில் போடவே கூடாது.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. முதலீட்டு ஆலோசனை அல்ல.)