தோழியின் கல்வி: பல்கலைக்கழகங்களில் உளவளத்துணைப் பயிற்சி

அகப்பாடல்களைப் பயிற்றுவிக்கும்போது மாணவர்கள் தவறாமல் நகைக்கும் இடம் ஒன்று உண்டு. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, உணவு செல்லவில்லை. முருகனால் வந்த அணங்கு இதுவெனக் கருதிய தாய், வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். நோயின் காரணத்தை அருகில் நிற்கும் தோழி அறிவாள். ஆயினும் அவள் உடனே சொல்லிவிடுவதில்லை. காலமும் இடமும் கேட்போரும் நோக்கி, இனியும் மறைத்தால் தலைவிக்குக் கேடு விளையும் என்னும் நிலை வந்த பின்னரே அறத்தொடு நிற்கிறாள். வேலன் கேளாமலே மருந்து கூறுகிறான். தோழியோ முதலில் கேட்கிறாள். இக்காலத்தில் ‘கவுன்சிலிங்’ எனப் பலரும் பேசும் பணியை விளக்க இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

அச்சொல்லே நம்மிடையே குழப்பம் தருவது. பொறியியற் கல்லூரிகளில் இடம் ஒதுக்குவதற்கும் நாம் ‘கவுன்சிலிங்’ என்றே கூறிப் பழகிவிட்டோம். ‘ஆலோசனை’ என்றாலோ, அறிவுரை கூறுதல் என்றே பொருள்படுகிறது. ஈழத்தமிழர் வழங்கும் ‘உளவளத்துணை’ என்னும் சொல் இவ்விரு குறைகளும் அற்றது. ஆதலின் இக்கட்டுரையில் அதனையே ஆள்கின்றேன்.

தோழிக்கு அக்கலை இயல்பாய் வாய்த்தது. பிறருக்கோ அது கற்பிக்கப்பட வேண்டியதாகும். எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பெரிதாய் எழுந்தது. போரினின்று திரும்பிய வீரர்களுள் உளம் நொந்தோர் மிகப் பலர். அவர்களுக்குத் துணைபுரியத் தக்க உளவியலாளரோ மிகச் சிலர். 1949ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் உளவியற் கல்வியாளர் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர்: பிறர்க்குச் சிகிச்சையளிக்கும் உளவியலாளர் ஆய்வாளராகவும் இருத்தல் வேண்டும், முனைவர் பட்டத்திற்குப் பாடமும் ஆய்வேடும் மட்டும் போதா, மூத்தோர் மேற்பார்வையில் ஓராண்டு முழுநேரப் பணிப்பயிற்சியும் பெறுதல் வேண்டும். நம் மருத்துவ மாணவர் ‘ஹவுஸ் சர்ஜன்’ எனப் பணிபுரியும் ஓராண்டினை இதற்கு ஒப்பிடலாம்.

இப்பயிற்சி மருத்துவமனைகளில் மட்டுமே நிகழும் என எண்ணுதல் கூடாது. பல்கலைக்கழகங்கள் தத்தம் மாணவர்க்கென நடத்தும் உளவளத்துணை நிலையங்களும் இதற்குரிய முதன்மையான களங்களாகும். அங்கு வருவோர் பெரும்பாலும் நம் வகுப்பறையில் அமர்ந்திருப்போரை ஒத்தவரே. வீட்டைப் பிரிந்த ஏக்கம், தேர்வச்சம், தோல்வி, காதல், பெற்றோர் விருப்புக்கும் தன் விருப்புக்கும் இடையே நிகழும் போர் ஆகியவற்றுடன் வருவோரே மிகுதி. அவர்களிடையே ஒருவர், உயிரையே விட்டுவிடும் எண்ணத்தை நெஞ்சிற் சுமந்து, ‘உறக்கம் வரவில்லை’ என்று மட்டும் கூறி அமர்ந்திருப்பார். அவரை இனங்காணுதலே பயிற்சியாளர் கற்க வேண்டிய முதற் பாடம்.

அந்நாட்டில் இப்பயிற்சி நிலையங்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு 1968ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் விதிப்படி பயிற்சிக் காலம் 1,500 மணிக்குக் குறைதல் கூடாது. அதில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு, துணை நாடி வந்தோருடன் நேருக்கு நேர் செலவிடப்பட வேண்டும். வாரந்தோறும் இரண்டு மணிநேரமேனும் தகுதிபெற்ற உளவியலாளர் பயிற்சியாளருடன் தனியே அமர்ந்து, அவர் கேட்டதையும் கூறியதையும் ஆராய்தல் வேண்டும். வந்தவரின் இசைவு பெற்று உரையாடலை ஒளிப்பதிவு செய்து, பின்னர் அதனை மூத்தவர் பார்த்துத் திருத்துவதும் உண்டு. ‘நீ இங்கு ஏன் குறுக்கிட்டாய்? அவர் மௌனமாயிருந்த அரை நிமிடத்தை உன்னால் ஏன் பொறுக்க இயலவில்லை?’ என்னும் தரத்தன அவ்வினாக்கள். விரிவுரையையே தொழிலாகக் கொண்ட நம்மிடம் எவரும் இவ்வாறு கேட்டதில்லை.

‘பயிலுநர் கையில் பிள்ளைகளை ஒப்படைப்பதா?’ எனப் பெரியோர் ஐயுறக்கூடும். முதற் சந்திப்பிலேயே, ‘நான் பயிற்சியாளர், என் பணியை இன்னார் மேற்பார்க்கிறார்’ எனப் பயிற்சியாளர் சொல்லிவிடுதல் அங்கு முறையாகும். ஒருவர் பேசக் கேட்பினும் இருவர் அறிவு அதன்பால் செல்கிறது. மேற்பார்ப்பார் எவருமின்றித் தனியே அறிவுரை வழங்கும் நல்லெண்ணமே எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது.

அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றார். பல இரவுகளாக உறக்கமில்லை என்றும், நூலைத் திறந்தால் எழுத்து மனத்தில் நிற்கவில்லை என்றும் கூறினார். நான் அரைமணி நேரம் பேசினேன். உழைத்து உயர்ந்தோர் வரலாறுகளை எடுத்துரைத்தேன். அவர் பேசியது இரண்டு நிமிடம் இருக்கலாம். அவருடைய அத்தா எனக்கு அறிமுகமானவர். அவ்வார ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகையில், ‘தம்பியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று நல்லெண்ணத்துடன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுவாரம் முதல் அம்மாணவர் என் வகுப்பில் தலை நிமிரவில்லை. படிப்பை முடித்துச் சென்ற நாள்வரை என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. நம்பி ஒப்படைத்ததை நாம் அமானிதம் என்கிறோம். பொருளாயின் காத்திருப்பேன், சொல்லைக் காக்கத் தெரியவில்லை.

அங்ஙனமாயின் எதையும் எவரிடமும் சொல்லவே கூடாதோ? இவ்வினாவிற்கு விடை தந்த புகழ்பெற்ற வழக்கு பல்கலைக்கழகச் சூழலிலேயே எழுந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி வளாகத்தில் பயின்ற இந்திய மாணவர் ஒருவர், தாம் விரும்பிய பெண்ணைக் கொல்லப்போவதாக 1969ஆம் ஆண்டு தம் உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் வளாகக் காவலர்க்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்து விடுவித்தனர். அப்பெண்ணுக்கோ அவள் வீட்டார்க்கோ எவரும் சொல்லவில்லை, அவள் கொலையுண்டாள். ‘தாராசாஃப் வழக்கு’ எனப்படும் இதில், உயிர்க்கு ஊறு நேரும் என அறிந்த உளவியலாளர்க்கு, இலக்கானவரைக் காக்கும் கடமையும் உண்டு என 1976ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறைத்தலே நெறி, உயிர்க்கேடு நேருங்கால் அறத்தொடு நிற்றலும் நெறி. எப்போது, எவரிடம், எவ்வளவு சொல்வது எனத் துணிதல் பயிற்சியாளர் தனியே செய்யும் செயலன்று. மூத்தவரைக் கலந்தே செய்வதாகும்.

நம் நாட்டு நிலை வேறு. இங்கு உளவியலில் முனைவர் பட்டம் என்பது ஆய்வுப் பட்டமே. சிகிச்சைப் பயிற்சியை நெடுங்காலம் தாங்கி வந்தது எம்.ஃபில். பட்டமாகும். என்னைப் போன்றோர்க்கு எம்.ஃபில். என்பது நூலகத்தில் ஓராண்டு. அவர்கட்கோ நோயாளரிடையே ஈராண்டு. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என வழங்கும் நிறுவனத்தின் முன்னோடி 1955ஆம் ஆண்டிலேயே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பைத் தொடங்கி இதற்கு வித்திட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யாரெனக் கூறுமிடத்து, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியைச் சுட்டுகிறது. 2022ஆம் ஆண்டு விதிகளால் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியபோதும், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்களிக்க நேர்ந்தது. அப்பட்டத்தின் இடத்தில் வரும் எதுவாயினும் அவ்வீராண்டுப் பயிற்சியை இழந்துவிடலாகாது.

இதனைப் புதுச்சேரியில் இருந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். அவ்வாண்டில் இலட்சம் பேருக்கு 12.4 என்பது நாட்டின் தற்கொலை விகிதம். புதுச்சேரியின் விகிதம் 29.7. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 மாணவர்க்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள உளவளத்துணையாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் எனவும், ஆசிரியரும் அலுவலரும் ஆண்டுக்கு இருமுறை இதில் பயிற்சி பெற வேண்டும் எனவும் பணித்தது. பாடவேளை குறைந்த ஆசிரியர் ஒருவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவதால் இது நிறைவேறிவிடாது.

நாம் செய்யக்கூடுவது ஒன்றுண்டு. காலாப்பட்டில் 1985ஆம் ஆண்டு தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இயங்குகிறது. கோரிமேட்டில் ஜிப்மரின் மனநல மருத்துவத் துறை உள்ளது. அத்தகைய துறைகளில் பயில்வோர், தம் மூத்தோர் மேற்பார்வையில் வாரம் இருநாள் நகரக் கல்லூரிகளில் அமர வழி காணலாம். நாம் தர வேண்டியது கதவுள்ள ஓர் அறை. அது முதல்வர் அறைக்கு எதிரே அமைதல் கூடாது. உள்ளே செல்வோரை அனைவரும் காண்பர். வருவோர் பெயரேடு ஆசிரியர் கைக்கு வருதலும் கூடாது, என் கைக்கு உட்பட.

அதுவரையில், இரவு எந்நேரமாயினும் 14416 என்னும் தொலைபேசி எண் உண்டு. நடுவணரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.