சிலந்தி உதிர்க்கும் சுணை

வைக்கோற்போரில் புரண்டு விளையாடிய பிள்ளை உடம்பைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால், சுணை பட்டுவிட்டது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கரும்புத் தோகையிலும், மூங்கிற் குருத்தின் மடலிலும், பூனைக்காலிக் காயிலும் இருப்பது இந்தச் சுணையே. மலாய்க்காரர்கள் இதனை ‘மியாங்’ என்று வழங்குகின்றனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய முட்கள் தோலில் ஏறுவதால் உண்டாகும் அரிப்பு அது. இந்தச் சுணை செடிகொடிகளுக்கு மட்டும் உரிய உடைமை அன்று. கம்பளிப்பூச்சிக்கும் அது உண்டு. சிலந்தியிலும் ஓர் இனத்துக்கு உண்டு.

கம்பளிப்பூச்சியைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முருங்கை மரம் நிற்கும் வீட்டில் அதனை அறியாத பிள்ளை இராது. சிலந்தியின் சுணையோ நம்மவர்க்குப் புதிது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நாய் வளர்க்க இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் ‘டரன்டுலா’ என்னும் பெருஞ்சிலந்தியை வளர்க்கும் பழக்கம் இளைஞர் சிலரிடம் காணப்படுகிறது. பெட்டியைத் துப்புரவு செய்த அன்று கை அரிக்கிறது. கழுத்தில் சிறு கொப்புளங்கள் எழுகின்றன. சிலருக்குக் கண் சிவக்கிறது. சிலந்தி கடிக்கவே இல்லையே, பிறகு ஏன் இந்தத் தொல்லை என்று வீட்டார் திகைக்கின்றனர். அதன் காரணத்தை அறிந்துகொண்டால், செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பது தானே விளங்கும்.

பெயரும் பிறப்பும்

டரன்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டுத் தாரந்தோ நகரின் பெயரிலிருந்து வந்தது. அந்நகர்ப்புறத்தில் வாழ்ந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்று, உள்ளங்கை அகலம் உள்ள மயிரடர்ந்த சிலந்திகளைக் கண்டபோது, பழைய பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டனர். மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார் சுரினாம் நாட்டுக்குச் சென்று திரும்பி 1705-இல் வெளியிட்ட ஓவிய நூலில், இத்தகைய சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்பதாக வரைந்திருந்தார். பலர் அதனை நம்ப மறுத்தனர்.

அவர் வரைந்தது நடக்கக்கூடியதே என்பதைப் பின்னாளில் அமேசான் ஆற்றுப் பகுதியில் நேரில் கண்டு எழுதியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலறிஞர். அவருடைய பயண நூல் 1863-இல் வெளிவந்தது. பூர்வகுடிப் பிள்ளைகள் பெருஞ்சிலந்தி ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியைப் போல வீட்டுக்குள் இழுத்துத் திரிந்ததையும் அவர் அதில் குறித்திருக்கிறார். தாம் கொன்று பதப்படுத்திய முதற் சிலந்தியைக் கவனமின்றிக் கையாண்டதால் மூன்று நாட்கள் கடும் வேதனைப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்த வேதனைக்கு நஞ்சு காரணமன்று. தோலின் நுண்ணிய மடிப்புகளில் ஏறிய குட்டையான கடின மயிர்களே காரணம் என்று அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். செத்த சிலந்தியின் மயிரும் தீங்கு செய்யும் என்பது இதனால் பெறப்படுகிறது.

எல்லாச் சிலந்திக்கும் உண்டா?

இங்கு முதலில் தெளிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுணையை வீசும் திறன் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்த பெருஞ்சிலந்திகளுக்கே உரியது. அங்கும் ஒரு சில இனங்களுக்கு அது இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பெருஞ்சிலந்திகள் மயிரடர்ந்தவையே ஆயினும், அவற்றின் மயிர் பிறர்மீது எய்யும் படைக்கலம் அன்று.

மலாயாத் தீபகற்பத்துக் காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் ஊதாநிறக் கால்களையுடைய பெருஞ்சிலந்தியை எச். சி. ஆபிரகாம் என்பவர் 1924-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அதற்குச் சுணை கிடையாது. பத்துமலைக் குகையில் வாழும் புகழ்பெற்ற கதவுச் சிலந்தியை 1923-இல் விவரித்தவரும் அவரே. அது டரன்டுலாக் குடும்பத்தையே சேர்ந்ததன்று. மிகப் பழமையான வேறொரு கிளை. இராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்டு 2004-இல் பெயரிடப்பட்ட புலிச்சிலந்திக்கும், இலங்கையின் வட பகுதியில் கண்டறியப்பட்ட அதன் உறவினத்துக்கும் சுணை இல்லை.

சுணை இல்லை என்பதால் இவை சாதுவானவை என்று எண்ணிவிடலாகாது. மயிரை எய்யத் தெரியாத சிலந்தி விரைவில் கடிக்கத் துணிகிறது. புலிச்சிலந்தியின் கடியால் கடும் வலியும், சில வேளை நாட்கணக்கில் நீடிக்கும் தசைப்பிடிப்பும் உண்டாகும். சுணையுள்ள அமெரிக்கச் சிலந்தியோ பெரும்பாலும் மயிரை உதறிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே பெட்டிக்குள் இருப்பது எந்த நாட்டுச் சிலந்தி என்று அறிவதே வளர்ப்பவரின் முதற் கடமை. மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தி, சிலி நாட்டு ரோசாச் சிலந்தி, தென்னமெரிக்காவின் கோலியாத்துச் சிலந்தி ஆகிய மூன்றும் சுணையுடையவை.

சுணையின் அமைப்பு

இந்த மயிர்கள் பெரும்பாலும் சிலந்தியின் வயிற்றின் மேற்புறத்தில் அடர்ந்திருக்கும். அச்சுறும்போது சிலந்தி பின்னங்காலைத் தூக்கி வயிற்றின்மீது விரைந்து தேய்க்கும். ஒவ்வொரு மயிரும் மெல்லிய காம்பினால் தோலோடு பொருந்தியிருப்பதால், தேய்த்த அளவில் முறிந்து புகைபோலப் பறக்கும். முகர்ந்து பார்க்க வரும் எலி, கீரி முதலிய பகைகளின் மூக்கும் கண்ணுமே அதன் குறி. பலமுறை உதறிய சிலந்தியின் வயிற்றில் வழுக்கை விழுந்திருப்பதைக் காணலாம். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது புதுமயிர் வந்துவிடும். சில இனங்கள் முட்டைப் பையின் பட்டிலும், சட்டை உரிக்கும் இடத்தில் விரிக்கும் பட்டிலும் இம்மயிரைக் கலந்து வைத்து, எறும்பும் ஈப்புழுவும் அணுகாதபடி காத்துக்கொள்கின்றன.

ஜான் குக், வின்சென்ட் ராத், பிரெடெரிக் மில்லர் ஆகிய மூவர் 1972-இல் இம்மயிர்களை ஆராய்ந்து நால்வகையாகப் பிரித்தனர். பிற்காலத்து ஆய்வாளர்கள் அவ்வகைகளை ஏழாகப் பெருக்கினர். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ அதனினும் குறைவாகவோ இருக்கும். எல்லாம் காற்றில் பறப்பவையும் அல்ல. மரத்தில் வாழும் சில சிலந்திகள் தம் வயிற்றைப் பகையின் உடலில் அழுத்தியே சுணையை ஏற்றுகின்றன.

பூதக்கண்ணாடி வழியே நோக்கினால் இதன் சூழ்ச்சி தெரியும். மயிரின் ஒரு முனை ஊசிபோல் கூர்மையாகவும், உடல் முழுதும் சாய்ந்த சிறு முட்கள் நிறைந்ததாகவும் இருக்கும். தூண்டில் முள் மீனின் வாயில் ஏறினால் எளிதில் வெளிவராதது போல, இதுவும் தோலில் ஏறினால் முன்னோக்கியே நகரும். தோல் அசையுந்தோறும், விரல் தேய்க்குந்தோறும் அது மேலும் உள்ளே செல்லும். சில வகைகள் இரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்குவதும் உண்டு. உள்ளே புகுந்த அந்நியப் பொருளை உடல் எதிர்க்கும்போது தடிப்பும் சிவப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. சிலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். ஒவ்வாமை உடையவருக்கு அடுத்தடுத்த முறைகளில் அரிப்பு மிகுவதும் உண்டு.

தோலில் பட்டால் செய்ய வேண்டியவை

கம்பளிப்பூச்சி பட்ட இடத்தில் சாம்பலையோ திருநீற்றையோ வைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம். தைலம் தடவிச் சூடு பறக்கத் தேய்ப்போரும் உண்டு. சிலந்திச் சுணைக்கு இவை இரண்டும் ஆகா. தேய்ப்பதெல்லாம் முள்ளை ஆழமாக இறக்கும் செயலே அன்றி வேறில்லை. தைலத்தின் காரம் புண்பட்ட தோலை மேலும் எரியச் செய்யும்.

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் வெப்ப நாட்டில் விசிறி ஓடாத அறை அரிது. உதிர்ந்த மயிரை அறை முழுதும் பரப்புவது அதுவே. கையால் முகத்தைத் தொடலாகாது. அரிக்கும் இடத்தில் செல்லோடேப் போன்ற ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றி, நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டைப் பயன்படுத்திப் பலமுறை இவ்வாறு செய்தால், மேலே நிற்கும் மயிர்கள் நாடாவோடு வந்துவிடும். அதன்பின் ஓடும் நீரில் சோப்பிட்டு, நாரும் துணியும் கொண்டு தேய்க்காமல் கழுவ வேண்டும். அணிந்திருந்த ஆடையைக் களைந்து தனியே துவைக்க வேண்டும், உதறலாகாது.

எஞ்சிய அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். மருந்தாளரைக் கேட்டு ஒவ்வாமையடக்கும் மாத்திரையும், ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் பயன்படுத்தலாம். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலும், தடிப்பு பரவினாலும், மூச்சு இழுத்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஈளை நோய் உள்ளவர் வீட்டில் இச்சிலந்தியை வளர்க்காதிருப்பதே நன்று.

அடுக்குமாடி வீடுகளில் எழும் கொப்புளமெல்லாம் சிலந்தியின் வேலை என்றும் கொள்ளலாகாது. மலாயில் ‘செமுட் காயாப்’ என வழங்கும் செந்நிறமும் கருநிறமும் கலந்த சிறு வண்டு விளக்கொளியை நாடி வரும். அதனை உடலில் வைத்து நசுக்கினால், அதன் உடற்சாறு பட்ட வழியே மறுநாள் தீச்சுட்டது போன்ற கோடாகப் புண் எழும். அது சாறு செய்யும் தீங்கு. ஆதலால் உடனே கழுவுவதே அதற்கு முதல் உதவி. ஒட்டுநாடாவுக்கு அங்கு வேலையில்லை.

கண்ணே பெரிது

தோலில் பட்ட சுணை தொல்லை. கண்ணில் பட்ட சுணை ஆபத்து. 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் மூன்று வாரமாகக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் காணப் பொறாமல் கண் மருத்துவரிடம் வந்தார். கண் அழற்சி என்று கருதிக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன் தரவில்லை. உருப்பெருக்கும் ஆடி வழியே பார்த்தபோது, கருவிழியின் மேல் ஒளிபுகு படலத்தில் பல ஆழங்களில் மெல்லிய மயிர்கள் பதிந்திருந்தன. அதனைச் சொன்ன பிறகே அவருக்கு நினைவு வந்தது: வளர்த்து வந்த சிலி நாட்டு ரோசாச் சிலந்தியின் பெட்டியில் படிந்த கறையைத் துடைக்கையில், அது மயிரை முகத்தில் எய்திருந்தது. நுண்ணிய இடுக்கியாலும் எடுக்க இயலாத அளவுக்கு அம்மயிர்கள் சிறியவை. மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பல மாதங்கள் இட்டே அழற்சியை அடக்கினர். இச்செய்தி பின்னர் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

ஆகவே கண்ணில் பட்டால் கசக்கலாகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றை ஊற்றலாகாது. சுத்தமான நீரைக் கண்ணில் மெல்ல ஓடவிட்டு, அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். கோலாலம்பூர் பொது மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை ஆகியவை இவ்வட்டாரத்தார்க்கு எட்டும் இடங்களே. அங்குச் சென்றதும் வீட்டில் டரன்டுலா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்வொரு செய்தியைச் சொல்லாத காரணத்தால் வாரக்கணக்கில் தவறான மருந்து இட நேரிடலாம்.

வளர்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

சிலந்தியைக் கையில் ஏந்தி விளையாடுவதால் அதற்கு இன்பம் ஒன்றும் இல்லை. அது அன்பை அறியும் உயிர் அன்று. ஆதலின் தொடாமல் வளர்ப்பதே இருவர்க்கும் நலம். பெட்டியைத் திறக்கும்போது நீண்ட கையுள்ள சட்டையும், ரப்பர்க் கையுறையும், பக்கங்கள் மூடிய கண்ணாடியும், முகக்கவசமும் அணிய வேண்டும். முகத்தைப் பெட்டியின்மேல் குனித்துப் பார்க்கலாகாது. உணவு மிச்சத்தை நீண்ட இடுக்கியால் எடுக்க வேண்டும். பழைய மண்ணையும் உரித்த சட்டையையும் ஈரமாக்கிப் பைக்குள் கட்டி எறிய வேண்டும். அவற்றிலும் சுணை நிறைந்திருக்கும். பெட்டி படுக்கையறையிலோ, விசிறியின் கீழோ, குழந்தையின் கைக்கெட்டும் இடத்திலோ இருத்தலாகாது. அயல்நாட்டுச் சிலந்தியை வாங்குமுன் வனவிலங்குத் துறையை அணுகி உரிமம் பற்றிக் கேட்டறிவதும் கடமையாகும். செம்முட்டிச் சிலந்தி இனம் உலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பேரன் ஒருவன் இத்தகைய பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தால், பாட்டி அஞ்சுவது அதன் பல்லுக்காகவே இருக்கும். வயிற்று மயிரைப் பற்றி அவர் எண்ணமாட்டார். பேரன் எண்ண வேண்டும். தேய்க்காதே, ஒற்றி எடு, கழுவு; கண் என்றால் மருத்துவரிடம் ஓடு என்னும் இவ்வளவையும் வீட்டார் அனைவர்க்கும் அவன் சொல்லி வைப்பானாயின், அந்தச் சிலந்தியும் அந்த வீடும் அமைதியாக வாழும்.