யாழ்ப்பாணத்துக்கு முந்தி ஊசி போட்டுக்கொண்டவர்கள்

2021 மே மாத இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 50,000 சைனோபாம் தடுப்பூசிகள் வந்தன. 30ஆம் திகதி, கொரோனாப் பயணத்தடைக்கு நடுவே, தெரிவுசெய்யப்பட்ட கிராம சேவையாளர் பிரிவுகளில் ஊசி போடத் தொடங்கினார்கள். வரிசையில் நின்றவர்களிடையே ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது: சீனாக்காரன்ர ஊசி நல்லதோ?

விடை அதற்கு நான்கு நாள் முன்னர்தான் மருத்துவ உலகின் முன்னணி இதழ் ஒன்றில் அச்சேறியிருந்தது. சீனாவில் தொற்று அடங்கிப்போனதால் அங்கே சோதித்துப் பயனில்லை. நோய் பரவிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் தடுப்பூசியின் பலம் தெரியும். ஆகவே சைனோபாம் நிறுவனம் 2020 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அபுதாபிக்குப் போனது. அபுதாபிச் சுகாதாரத் திணைக்களத் தலைவரே முதல் ஆளாகக் கை நீட்டினார். பின்னர் பஹ்ரைனில் முடிக்குரிய இளவரசரும் தொண்டராகச் சேர்ந்தார். பெரியவர்கள் வழிகாட்ட, வளைகுடாவில் வேலைபார்க்கும் பல நாட்டுத் தொழிலாளரும் உள்ளூர்வாசிகளும் பின்தொடர்ந்தார்கள். இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 40,000 பேர்.

அவர்களை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு வூஹானில் தயாரித்த ஊசி. இன்னொரு பங்குக்குப் பீஜிங்கில் தயாரித்தது. மூன்றாம் பங்குக்கு வைரஸ் கூறு எதுவும் இல்லாத வெறும் துணைமருந்து. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டாம் ஊசி போட்டு இரு வாரம் கழிந்தபின் நோய்க்குறியோடு கொரோனா கண்டவர்களை எண்ணினார்கள். வெறும் மருந்து பெற்ற பங்கில் 95 பேர். பீஜிங் ஊசி பெற்ற பங்கில் 21 பேர். 78 வீதப் பாதுகாப்பு என்று செய்திகளில் வந்த எண், இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான். அந்த 95 பேருக்கும் நோய் வந்திராவிட்டால் அப்படி ஓர் எண்ணே இருந்திருக்காது.

இப்படி மூன்றிலொரு பங்கினருக்கு வெறும் மருந்து கொடுப்பது அநியாயமல்லவா என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே பதில் கிடைத்தது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி எல்லோரும் பார்க்க அதைக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. ஒருவருக்குத் தொற்றியதால் பாணி பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. தொற்றாமல் விட்டவர்களைக் காட்டிப் பயனுள்ளது என்றும் சொல்ல முடியாது. குடிக்காத கூட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவரை இரண்டும் வெறும் கதை.

அபுதாபி ஆய்வுக்கும் ஓட்டை இருந்தது. பங்கேற்றவர்களில் 84 வீதமானோர் ஆண்கள். சராசரி வயது 36. அறுபது தாண்டியோர் மிகச் சொற்பம். வளைகுடாவின் தொழிலாளர் சந்தை அப்படி. ஆய்வும் அதன் சாயலிலேயே அமைந்துவிட்டது. 2021 மே 7ஆம் திகதி அவசரப் பாவனைக்கு அனுமதி தந்த உலக சுகாதார நிறுவனமும் முதியோர் பற்றிய சான்று போதாது என்றே குறிப்பிட்டது. வடமராட்சியின் எழுபது வயது அம்மம்மா போட்டுக்கொண்ட ஊசி, பெரும்பாலும் நடுவயது ஆண்களின் உடம்பில் நிரூபிக்கப்பட்ட ஒன்று. பிறகு ஸ்ரீ ஜெயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தினர் இலங்கையில் அந்த ஊசி போட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது சுமார் 95 வீதமானோருக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்தது. வயதானோரிடம் அது சற்றுக் குறைவு. யார் முன்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே யாருக்குச் சான்று கிடைக்கும் என்பதும் அமைகிறது. 2020 ஓகஸ்டில் பிரித்தானியாவில் ஒரு இலட்சம் பேர் தொண்டர் பதிவேட்டில் சேர்ந்த பின்னரும், முதியோரும் ஆசிய, ஆபிரிக்க வம்சாவளியினரும் வரவேண்டும் என்று அரசு வேண்டுகோள் விடுத்தது இதனால்தான். லண்டன் தமிழருக்கும் சேர்த்துத்தான் அந்த அழைப்பு.

சரி, முன்வருபவருக்கு என்ன நடக்கும்? முதலில் நீண்ட விளக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, சந்தேகம் கேட்க நேரம் கொடுத்து, கையெழுத்து வாங்கவேண்டும். அடுத்து இரத்தப் பரிசோதனை, பழைய நோய்களின் விபரம், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. ஊசி போட்டபின் சற்று நேரம் அங்கேயே இருத்திக் கண்காணிப்பார்கள். வீட்டுக்குப் போய்க் காய்ச்சல், கைநோ, தலையிடி எல்லாவற்றையும் நாட்குறிப்பில் பதியவேண்டும். மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், அழைத்தபோதெல்லாம் இரத்தம் கொடுக்கப் போகவேண்டும். ஊசியைவிட இந்த அலைச்சல்தான் பெரிய தியாகம். வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகலாம். 2020 ஏப்ரல் 23ஆம் திகதி தொடங்கிய ஒக்ஸ்போர்ட் கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. ஒப்பீட்டுக் குழுவுக்கு உப்புநீர் போட்டால் கை நோகாது, ஆளுக்கு விளங்கிவிடும். ஆகவே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்றைப் போட்டார்கள். கை இரு குழுவினருக்கும் நொந்தது.

ஆபத்து இல்லையா? உண்டு. 2020 செப்டெம்பரில் பிரித்தானியத் தொண்டர் ஒருவருக்கு நரம்புப் பாதிப்பு தெரிந்ததும் அதே ஒக்ஸ்போர்ட் ஊசியின் ஆய்வுகளை உலகெங்கும் நிறுத்தினார்கள்; நிபுணர்கள் ஆராய்ந்தபின் 12ஆம் திகதி பிரித்தானியாவில் மீளத் தொடங்கியது. பொறிமுறை வேலை செய்தது. சென்னையில் கதை வேறு. ஒக்டோபர் 1ஆம் திகதி, அதே ஊசியின் இந்தியத் தயாரிப்பான கோவிஷீல்டின் ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர், மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார். அதைத் தயாரித்த சீரம் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, 100 கோடிக்கு வழக்குப் போடுவோம் என்றது. பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே ஆய்வைக் கண்காணித்த குழுக்கள் முடிவு செய்தன. முடிவு சரியாகவே இருக்கட்டும். முறையிட்ட தொண்டரை வழக்கைக் காட்டி மிரட்டினால் அடுத்த தொண்டர் எப்படி வருவார்?

போபாலில் நடந்த வேறொரு கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் இன்னும் கசப்பு. நச்சுவாயுக் கசிவால் முன்பே நொந்த குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், 750 ரூபாய் கிடைக்கும் என்று போனோம், ஆய்வென்று சரியாகச் சொல்லவில்லை, படிவப் பிரதியும் தரவில்லை என்றார்கள். ஆய்வை நடத்திய மருத்துவமனை மறுத்தது. 2021இல் லண்டனிலோ, வேண்டுமென்றே வைரஸை மூக்கில் விட்டு ஆராய 36 இளைஞர்கள் சம்மதித்தார்கள். அவர்களுக்கு ஆளுக்குச் சுமார் 4,500 பவுண்ஸ். தொகை பெரிதா சிறிதா என்பதல்ல சிக்கல். அன்றாடங்காய்ச்சிக்கு 750 ரூபாயே மறுக்க முடியாத தொகை.

பலன் கிடைக்காமலும் போகலாம். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய காசநோய்த் தடுப்பூசி ஆய்வில் 2 இலட்சத்து 81 ஆயிரம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பதினைந்து வருடக் கண்காணிப்பின் முடிவு: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை, பிள்ளைகளிலும் பலன் சொற்பமே. உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் அந்த ‘இல்லை’யைச் சொன்னவர்கள் நம்மொழி பேசும் கிராமத்தார்.

இலங்கையும் இதற்குப் புதிதல்ல. 2016இல் தொடங்கிய டெங்குத் தடுப்பூசி ஆய்வில் எட்டு நாடுகளின் 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். மழைக்காலத்தில் டெங்கு நோயாளரால் போதனா வைத்தியசாலை விடுதிகள் நிரம்பும் யாழ்ப்பாணத்துக்கு அது தூரத்துச் சங்கதி அல்ல.

நாளை குடாநாட்டிலும் அப்படி ஓர் ஆய்வுக்கு ஆள் கேட்கலாம். அதற்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும், நெறிமுறைக் குழுவொன்றின் ஒப்புதலும் வேண்டும்; யாழ். மருத்துவ பீடத்திலும் அத்தகைய குழு உண்டு. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை இணையத்தில் எவரும் திறந்து பார்க்கலாம். அதில் ஆய்வின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு, தமிழில் உள்ள படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தபின் கையெழுத்து வைக்கலாம். கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.