இரைப்பை இல்லாத மீன்

கடற்குதிரை மீன் இனத்தைச் சேர்ந்தது. செவுள்களால் சுவாசித்து, முதுகிலுள்ள சிறு துடுப்பை நொடிக்கு முப்பது முறைக்கும் மேலாக அசைத்து, நிமிர்ந்த நிலையிலேயே மெல்ல நகரும் இயல்புடையது. செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக அமைந்து அதன் உடலைக் காக்கின்றன. பற்களும் இரைப்பையும் அதற்கு இல்லை. குழல்போல் நீண்ட வாயால் உறிஞ்சி விழுங்கப்படும் இரை, தங்கிச் செரிப்பதற்கு இடமின்றி நேரே குடலுக்குள் சென்று விரைவில் வெளியேறிவிடுவதால், உண்டதைச் சேமித்து வைத்து நாளைக் கடத்தும் வாய்ப்பு இவ்வுயிருக்கு இல்லை. வீட்டுத் தொட்டியில் கடற்குதிரை வளர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே உடலமைப்பிலிருந்து கிளைப்பவை என்பதைத் தெளிந்துகொண்டால், வளர்ப்பு முறையின் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும்.

அமெரிக்க வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது மேற்கு அட்லாண்டிக் கடலுக்குரிய 'ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ்' என்னும் இனமாகும். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை வளரும் இதற்கு நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று வேளை உணவளிக்க வேண்டும். உறையவைத்து விற்கப்படும் மைசிஸ் என்னும் நுண்ணிறால் வகையே முதன்மையான உணவாகும். கடற்குதிரை துரத்தி வேட்டையாடும் மீனன்று. ஒரு தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு, தனித்தனியே அசையும் இரு கண்களாலும் கூர்ந்து நோக்கி, இரை அருகில் வந்ததும் தலையை வெட்டென நிமிர்த்தி உறிஞ்சுவது. எனவே விரைந்து நீந்தும் மீன்களை உடன் விட்டால் அவை உணவு முழுவதையும் பறித்துக்கொள்ள, கடற்குதிரை உணவிடப்பட்ட தொட்டியிலேயே பட்டினி கிடந்து மெலியும். கொட்டும் இழைகளைக் கொண்ட கடற்சாமந்தியும் சிலவகைப் பவளங்களும் அதன் மென்மையான தோலைப் புண்ணாக்குவதால், அவற்றையும் விலக்குதல் வேண்டும்.

இவ்வளவு உணவு இடப்படும் தொட்டியில் கழிவும் அதே அளவு மிகும். உண்ணாமல் எஞ்சிய இறாலும் மீனின் கழிவும் அழுகும்போது அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. நீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறிப் பெருக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகுமாதலால், தொட்டியை வாங்கிய வாரத்திலேயே கடற்குதிரையை விடுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சற்றும் தென்படாத நிலை வந்த பின்னரே உயிரை விட வேண்டும். அதன் பிறகும் எஞ்சிய உணவை அன்றன்றே உறிஞ்சியெடுத்து, நீரின் ஒரு பகுதியைத் தவறாமல் மாற்றிவர வேண்டும்.

வெப்பநிலை பற்றிய விதியும் இதனோடு இணைந்ததே. வெப்பக்கடல் இனங்களுக்கு வெப்பமான நீரே ஏற்றது என்று கருதத் தோன்றினும், தேர்ந்த வளர்ப்பாளர்கள் நீரை 22 முதல் 24 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்கவே வற்புறுத்துகின்றனர். உணவுக்கழிவு மிகுந்த நீர் சூடேறும்போது விப்ரியோ என்னும் பாக்டீரியா விரைந்து பெருகித் தோலையும் வாலையும் அரிக்கும் நோயை உண்டாக்குவதே அதற்குக் காரணம். ஆதலால் வெப்ப நாடுகளில் நீரைக் குளிர்விக்கும் கருவி இன்றியமையாதது. தொட்டியைவிட அதற்கே கூடுதலாகச் செலவாகலாம்.

தொட்டியின் அகலத்தைவிட உயரமே முதன்மையானது. வாலை நீட்டி அளந்த கடற்குதிரையின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது நீரின் உயரம் இருத்தல் வேண்டும். ஆணும் பெண்ணும் நிறம் மாறி, வால்களைப் பிணைத்து, நீரில் ஒன்றாக மேலெழும்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப்புறப் பையில் இடுகிறது. உயரம் போதாத தொட்டியில் முட்டைகள் பைக்கு வெளியே சிந்திவிடும். ஆண் அம்முட்டைகளைச் சுமார் மூன்று வாரங்கள் சுமந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈனுகிறது. விலங்குலகில் தந்தை கருவைச் சுமக்கும் இவ்வரிய காட்சியை வீட்டிலேயே காண இயலும் என்பது வளர்ப்போரை ஈர்க்கும் பெருங்காரணம். அவ்வீர்ப்பு முற்றிலும் நியாயமானதே. ஆனால் குஞ்சுகளை வளர்த்தெடுப்பது இத்துறையில் ஆகக் கடினமான பணி. முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் நுண்ணிறால்களை, கொழுப்பமிலச் சத்தூட்டி, பகல் முழுதும் அவற்றுக்கு அளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் காற்றை விழுங்கி மிதந்தே மடியும் குஞ்சுகளும் பல. அதனால் நீரை மெல்லச் சுழலச்செய்யும் வட்டத் தொட்டிகளில் அவற்றை விடுகின்றனர்.

இக்கடினத்தின் காரணமாகவே, 1990களின் இறுதி வரை வணிகத்துக்கு வந்த கடற்குதிரைகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவையாக இருந்தன. உயிருள்ள இரையை மட்டுமே அறிந்த அவை உறைந்த இறாலைத் தொடவும் மறுத்து, ஒட்டுண்ணிகளோடும் பயணக் களைப்போடும் போராடிச் சில வாரங்களில் மடிந்தன. ஹவாயின் கோனாவிலும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் தொடங்கப்பட்ட பண்ணைகள், தொட்டியிலேயே பிறந்து உறைந்த உணவுக்குப் பழகிய கடற்குதிரைகளை அளித்த பிறகே, சாதாரண வளர்ப்பாளருக்கும் இது கைகூடியது. ஆயினும் 'பண்ணையில் வளர்ந்தது' என்று விற்கப்படும் அனைத்தும் பண்ணையில் பிறந்தவை அல்ல. கடலில் பிடித்துச் சிலகாலம் கூண்டில் வைத்திருந்தவையும் அப்பெயரில் விலைபோவதால், பிறப்பிடத்தை வினவி அறிவது வாங்குபவரின் கடமையாகும்.

இக்கடமைக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 1996ஆம் ஆண்டு கடற்குதிரைகளுக்கென ஒரு பாதுகாப்பு அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான உயிரியலாளர் அமண்டா வின்சென்ட் முதலியோரின் ஆய்வுகள், மருந்துக்காக உலர்த்தி விற்கப்படுபவற்றின் எண்ணிக்கை தொட்டிகளுக்கு வருபவற்றைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம் என்பதை உலகுக்கு உணர்த்தின. அதன் பயனாக 2002இல் எல்லாக் கடற்குதிரை இனங்களும் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட, அக்கட்டுப்பாடு 2004 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கும் முன்பே, 2001இல், இவற்றை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் படுகைகளில் வாழும் கடற்குதிரைகள் இழுவலைகளில் மற்ற மீன்களோடு சிக்கிக் கரைக்கு வருவது இன்றும் நிகழ்கிறது. அவ்வாறு வந்ததை வாங்கித் தொட்டியில் விடுவதோ, உலர்ந்த கடற்குதிரையை அலங்காரப் பொருளாக வீட்டில் வைத்திருப்பதோ இச்சட்டப்படி குற்றமாகும்.