நெல்லிக்கனியும் சர்வகலாசாலையும்

தகடூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் திகைப்பார்கள். தருமபுரி எங்கே என்று கேட்டாலோ, சேலத்திலிருந்து பெங்களூர் போகும் வழியில் உள்ள ஊர் என்று உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டும் ஒரே ஊர்தான். அதியமான் நெடுமான் அஞ்சி அரசு புரிந்த தகடூரே இன்றைய தருமபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனி கைக்கு வந்தபோது தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்த வள்ளல் அவன் என்பது நம் குழந்தைகளும் அறிந்த கதை.

அந்தக் கதையில் நாம் அதிகமாகக் கவனிக்காத அம்சம் ஒன்று உண்டு. ஔவையார் அவனை வாழ்த்திப் பாடிய பாட்டு, புறநானூற்றில் 91-ஆம் பாட்டாக இருக்கிறது. அதைப் படித்தால், கனியை உண்டவர் நெடுங்காலம் வாழ்வர் என்னும் இரகசியத்தை அதியமான் முன்னதாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. விஷயத்தை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு கனியை மட்டும் கையில் கொடுத்தான். கொடுப்பதற்கு ஒரு மனம் வேண்டும். கொடுத்ததன் பெருமையைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய மனம் வேண்டும்.

இந்தப் பழைய கதையை இப்போது நினைப்பூட்டுவதற்குக் காரணம் உண்டு. அதே தருமபுரியில் இன்று வேறொரு நெல்லிக்கனிக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் காத்திருக்கிறார்கள். அதுதான் உயர்தரக் கல்வி.

ஜில்லாவின் நிலைமை

சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து, 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, தருமபுரி தனி ஜில்லாவாயிற்று. மகாத்மாவின் பிறந்த நாளில் பிறந்த ஜில்லா என்று பெருமைப்படலாம். ஆனால் 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கைப் பார்த்தால் பெருமை சற்றே குன்றிவிடுகிறது. தமிழ்நாடு முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். தருமபுரியில் 68 பேருக்குச் சற்று அதிகம். மாகாணத்தின் ஜில்லாக்கள் அனைத்திலும் அந்தக் கணக்கில் கடைசியாக நின்றது இதுவே.

மக்களுக்குக் கல்வியில் ஆசை இல்லையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கூலிக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் பி.ஏ. தேறி எம்.ஏ. படிக்க விரும்பினால், அது அந்த வம்சத்திலேயே முதல் முயற்சியாக இருக்கும்.

சேலத்தில் 1997-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம், தருமபுரிக்கு அருகே பைசுஅள்ளியில் முதுகலை விரிவாக்க மையம் ஒன்றை அமைத்தது. சர்வகலாசாலையே வீட்டு வாசலுக்கு வந்தது போன்ற காரியம் இது. பெண்களுக்கு இதனால் ஏற்படக்கூடிய நன்மையைச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பாத தகப்பனார், காலையில் போய் மாலையில் திரும்பி வரும் தூரமென்றால் சம்மதிப்பார். சர்க்கார் பள்ளிகளில் படித்துத் தேறிக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் ஆரம்பித்தார்கள். அது பட்டப் படிப்பு முடியும் வரையில் கைகொடுக்கும். அதற்கு மேல் படிப்பதற்கு யார் கைகொடுப்பது? பரிசோதனைச் சாலைக்குக் கருவிகள், நூல் நிலையத்துக்குப் புத்தகங்கள், தூரத்துக் கிராமத்து மாணவிகளுக்கு விடுதி, ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உபகாரச் சம்பளம் என்று தேவைகள் வரிசையாக நிற்கின்றன. சர்க்காரின் கை ஓரளவுக்குத்தான் நீளும். மற்றதற்குத் தனவந்தர்களையும் கம்பெனிகளையுமே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சதவீதத்தின் கதை

கம்பெனிகள் தர்மம் செய்ய வேண்டுமென்று சட்டமே செய்த தேசம் நம்முடையது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள், முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். கல்வி அந்தக் காரியங்களில் ஒன்று. சர்க்கார் பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகளின் விஞ்ஞான, வைத்திய ஆராய்ச்சிகளுக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

நல்ல சட்டந்தான். ஆனால் தருமபுரியின் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது அதில் இரண்டு முடிச்சுகள் தெரிகின்றன.

முதல் முடிச்சு, இடத்தைப் பற்றியது. கம்பெனி எங்கே தொழில் நடத்துகிறதோ அந்தப் பிரதேசத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான விதிதான், புகையைச் சுவாசிக்கிறவனுக்குப் பலனும் கிடைக்க வேண்டாமா? டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் வாகனத் தொழிற்சாலைகளும் எழுந்த ஓசூர், ஒரு காலத்தில் தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. 2004-ஆம் வருஷம் பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது ஓசூரும் அதனுடன் போய்விட்டது. பாகப் பிரிவினையில் ஆலைகள் அண்ணனுக்கும் மானாவாரி நிலம் தம்பிக்கும் வந்தது போலாயிற்று. ஆலை இருக்கும் இடத்தையே தர்மமும் தேடிச் செல்லுமானால், எங்கே தேவை அதிகமோ அங்கே வரவு குறைவு என்றாகிறது.

இரண்டாவது முடிச்சு, காலத்தைப் பற்றியது. 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பல வருஷங்கள் நடக்கும் திட்டமானாலும், ஆரம்பித்த வருஷத்தைத் தவிர்த்து மூன்று வருஷங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். அதோடு, இந்தப் பணத்தை ஒரு ஸ்தாபனத்தின் நிலையான மூலதனமாகக் கொடுப்பதும் செல்லாது. பணத்தை வட்டிக்குப் போட்டு வைத்துச் செலவைத் தட்டிக் கழிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணமே இதற்குக் காரணமாயிருக்கலாம். விளைவு என்ன? கட்டடம் எழுப்பலாம், கருவி வாங்கலாம், சில வருஷங்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். அரூர்ப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து பட்டப் படிப்பில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்ஸி.க்கு மூன்று வருஷம், எம்.எஸ்ஸி.க்கு இரண்டு வருஷம், ஆக ஐந்து வருஷம் வேண்டும். அவள் படிப்பு முடிவதற்குள் திட்டம் முடிந்துவிடும்.

முன்னோர் கொடுத்த முறை

ஆகவே, சர்வகலாசாலைக்கு உயிர் கொடுப்பது வருஷந்தோறும் ஊறிவரும் மூலதனமே என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அவர்களுடைய அனுபவத்தில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

சென்னைத் துபாஷி பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். தம் சொத்தைத் தர்மங்களுக்கு எழுதி வைத்தார். வழக்குகளிலும் பொறுப்பாளர்களின் அசிரத்தையிலும் அந்தத் தர்மம் வருஷக் கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற சென்னை அட்வகேட் ஜெனரல் முயன்றிராவிட்டால் என்னவாகியிருக்குமோ! கடைசியில், கோயில் தர்மங்களுக்குப் போக மிஞ்சிய பணத்தைக் கொண்டு 1842-ல் பள்ளிக்கூடம் தோன்றியது. பச்சையப்பன் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். கொடுத்தவர் இறந்து 48 வருஷங்களுக்குப் பிறகு பலன் கிடைத்தது. மூலதனம் அழியாமல் இருந்தால் எத்தனை காலம் கழித்தும் துளிர்விடும். அதைக் காக்க யோக்கியமான கணக்கும் விழிப்பான பொறுப்பாளர்களும் வேண்டும். இது முதல் பாடம்.

தருமபுரியில் ரயில் ஏறி வடக்கே போனால் பெங்களூர். அங்குள்ள இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு 1898-ல் யோசனை செய்தவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. பம்பாயில் தமக்கிருந்த கட்டடங்களையும் மனைகளையும் அதற்காக ஒதுக்கினார். வாடகை வருமானத்தில் விஞ்ஞானம் வளர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1904-ல் அவர் காலமாகி, ஐந்து வருஷங்கள் கழித்து, 1909-ல் ஸ்தாபனம் பிறந்தது. அதன் பெயரில் டாட்டாவின் பெயர் கிடையாது. பெங்களூர் ஜனங்கள்தாம் தாங்களாகவே 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று அழைத்தார்கள். அதியமானின் அடக்கத்தை இங்கே காண்கிறோம் அல்லவா? அதே நகரத்தில் 2010-ல் அஸீம் பிரேம்ஜி சர்வகலாசாலை தோன்றியது. விப்ரோ கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 67-ன் பலன் தம் அறக்கட்டளையைச் சேரும்படி பிரேம்ஜி 2019-ல் ஏற்பாடு செய்தார். கம்பெனியின் இரண்டு சதவீதத்துக்கும் முதலாளியின் சொந்தக் கொடைக்கும் உள்ள வித்தியாசம் இதிலிருந்து விளங்கும். முன்னதற்கு உள்ள தடைகள் பின்னதற்கு இல்லை.

சிதம்பரத்தின் அனுபவம் வேறு விதமானது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் தாம் நடத்திய கல்லூரிகளையும் 20 லக்ஷம் ரூபாயையும் அளித்ததன் பயனாக 1929-ல் அண்ணாமலை சர்வகலாசாலை உதயமாயிற்று. தமிழுக்கும் தமிழிசைக்கும் அது செய்த தொண்டை யாரும் மறக்க முடியாது. ஆனால் ஸ்தாபகரின் குடும்பத்துக்கு நிர்வாகத்தில் விசேஷ உரிமை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. 2013-ல் கடுமையான பண நெருக்கடி ஏற்பட்டபோது, தமிழ்நாடு சர்க்கார் புதிய சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தாமே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. நன்கொடை எவ்வளவு பெரிதாயினும் சாவியைப் பொதுவில் ஒப்படைப்பதே நலம் என்பது இதில் தெரிகிறது.

காரைக்குடிக்குப் போனால் மனம் குளிர்கிறது. 1947-ல் அன்னி பெஸண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாவில், கிராமப் புறங்களில் கல்லூரிகள் வேண்டுமென்று சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தர் லக்ஷ்மணசாமி முதலியார் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பச் செட்டியார் தாம் ஒன்று தொடங்குவதாக வாக்களித்து, அந்த வருஷமே தொடங்கியும் விட்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ந் தேதி ஜவஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். முள்ளும் செம்மண்ணுமாகக் கிடந்த பொட்டல் அது. 1957-ல் அழகப்பர் காலமானார். அவர் போட்ட வித்து 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமாயிற்று. பெரிய துறைமுகமோ தலைநகரமோ அல்லாத ஊரிலும் இது சாத்தியந்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செய்யத்தக்கது

காரைக்குடிக்கு ஓர் அழகப்பர் கிடைத்தார். தருமபுரிக்கும் ஒருவர் வருவார் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது, அந்த ஜில்லா மழைக்குக் காத்திருப்பதைப் போன்றது. வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் ஏர் பூட்ட வேண்டுமல்லவா?

கம்பெனிகளால் முடிந்தது நிறைய இருக்கிறது. ஜில்லா எல்லை காகிதத்தில் மாறியதே தவிர, ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் கைகளில் தருமபுரிக் கைகளும் உண்டு. சட்டத்தில் 'சுற்று வட்டாரம்' என்ற சொல்லும் இருக்கிறது. அதைச் சற்றுத் தாராளமாக வியாக்கியானம் செய்தால் தொப்பூர்க் கணவாய் வரையில் எட்டும். விடுதியும் பரிசோதனைச் சாலையும் கம்பெனிகளின் பங்காகட்டும். கொடுத்த கருவி பழுதானால் சரிசெய்யும் செலவையும் விதிகள் இடங்கொடுக்கும் வரையில் கணக்கில் சேர்க்கட்டும். திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் ஏற்பாடாகிவிடுகின்றன. மறு வருஷம் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவதென்ற கேள்விக்குத்தான் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

மூலதனமோ நம்மைப் போன்ற குடும்பங்களின் பங்கு. பிரமாதமான தொகை தேவையில்லை. ஒரு லக்ஷம் ரூபாயை நூற்றுக்கு ஆறு வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மாதம் 500 ரூபாய் வரும். பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு மாணவிக்குப் புத்தகச் செலவுக்கு அது பெரிய ஒத்தாசை. அவள் படித்துப் போன பிறகு அடுத்தவளுக்கு, அவளுக்கும் பிறகு இன்னொருத்திக்கு என்று அசல் கரையாமல் போய்க்கொண்டே இருக்கும். தருமபுரியில் பிறந்து சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் உத்தியோகம் பார்க்கிறவர்கள் பலர். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் இது பெரிய பாரமாகாது. பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு வேளைப் பந்தியைக் குறைத்தாலே கணக்குச் சரியாகிவிடும்.

மூன்று நிபந்தனைகள் மட்டும் போதும். வருஷா வருஷம் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். யாருக்கு உதவி என்பதை ஆசிரியர்கள் தேவையையும் தகுதியையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கொடுத்தவர் அதில் தலையிடக்கூடாது. பெறுகிற பெண்ணை மேடையில் நிறுத்திப் படம் பிடித்து அவள் வறுமையை ஊருக்கெல்லாம் பறைசாற்றக்கூடாது. கொடுத்தவர் முகம் அவளுக்குத் தெரியாமல் இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதியமான் கோட்டை அழிந்துவிட்டது. அவன் யானைகளும் தேர்களும் போன இடம் தெரியவில்லை. ஒரு கனியைக் கொடுத்தான் என்ற செய்தி மட்டும் நிற்கிறது. அதையும் அவன் கல்லில் வெட்டி வைக்கவில்லை. பெற்றுக்கொண்டவள் படித்தவளாக இருந்தாள். அவள் பாடி வைத்தாள்.