இதழ் பிறந்த கதை – 12: பதினாறு பக்கம் கேட்டவர்

புதுப் பத்திரிகை தொடங்க உட்காருகிறவர்கள் முதலில் பேசுவது காகித விலையை. பிறகு பக்க எண்ணிக்கை, விளம்பரம், முகவர் கமிஷன். வாசிக்கப்போவது யார் என்ற பேச்சு கடைசியில், டீ ஆறிய பிறகு வரும். 1978-இல் டோக்கியோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. வாசகர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை, அவ்வளவுதான்.

வரிசை என்று சும்மா சொல்லவில்லை. 1977 ஆகஸ்ட் 6 அன்று ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்டப்) படம் திரையரங்குகளுக்கு வந்தபோது, முதல் நாள் இரவே பள்ளிப் பிள்ளைகள் வாசலில் வந்து படுத்துவிட்டார்கள். அது புதுப்படம்கூட இல்லை. 1974 அக்டோபரில் தொலைக்காட்சியில் வந்து, பார்க்க ஆளில்லாமல் தோற்ற தொடரை வெட்டி ஒட்டிய படம். 39 வாரம் ஓடவேண்டிய தொடரை 26 வாரத்தில் முடித்துவிட்டிருந்தார்கள். காரணம், ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு இன்னொரு சானலில் ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி’ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு டிவி இருந்த காலம். அம்மாவும் தங்கையும் ஹைடி பார்க்கிற வீட்டில் அண்ணன் என்ன செய்ய முடியும்? அந்த ஹைடியை இயக்கியவர் இசாவோ தகாஹாதா. அதன் காட்சிகளுக்கு அமைப்பு வரைந்தவர் ஹயாவ் மியாசாகி. இந்த இரண்டு பெயர்களும் இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

தோற்ற தொடர் மூன்றே ஆண்டில் எப்படி ஜெயித்தது? மறுஒளிபரப்பில்தான். பள்ளி விட்டு வரும் மாலை வேளைகளில் ஓட ஓட, அதற்கு ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள் முளைத்தன. கையால் எழுதி, நகலெடுத்து, தபாலில் சுற்றும் சிறு பத்திரிகைகளை அவர்களே நடத்தினார்கள். 1975 டிசம்பரில் டோக்கியோவில் இப்படிப்பட்ட இதழ்களுக்கான சந்தையான காமிக் மார்க்கெட் முதல்முறை கூடியபோது கடை விரித்த குழுக்கள் 32, வந்தவர்கள் சுமார் 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். பதிப்பாளர்களின் கணக்கில் அப்போது அனிமே என்றால் ஏழு வயதுப் பையனின் சமாச்சாரம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நோட்டுப் போட்டு, எந்த அத்தியாயத்தை யார் வரைந்தார் என்று குறித்துவைக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

டோகுமா ஷோட்டென் பதிப்பகத்தில் ஒருவருக்கு மட்டும் அது தெரிந்தது. ஹிடேயோ ஒகாதா. ‘டெலிவிஷன் லேண்ட்’ என்ற சிறுவர் பத்திரிகையின் ஆசிரியர். யமாட்டோ அலை எழுந்ததும், ‘ரோமன் ஆல்பம்’ என்ற பெயரில் அந்தத் தொடருக்கென்றே ஒரு தனி மலர் போட்டார். படங்கள், பாத்திர அட்டவணை, அத்தியாயச் சுருக்கம், வரைந்தவர்கள் பட்டியல். அது லட்சக்கணக்கில் போனது. ஒரு தொடருக்கு இவ்வளவு என்றால், மாதாமாதம் எல்லாத் தொடர்களுக்கும் ஒரு இதழ் போட்டால் என்ன? ஒகாதாவின் கணக்கு இதுதான். ஆனால் ஏன் இந்தப் பத்திரிகை என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதில் வேறு: என் மகனுக்கு அனிமே பிடிக்கும். சந்தை ஆய்வு அறிக்கைகளைவிட இந்தப் பதில்மீது எனக்கு மரியாதை அதிகம். வீட்டில் ஒரு வாசகனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர்.

இதழைத் தயாரிக்கும் வேலையை முதலில் வெளியாட்களிடம் கொடுத்திருந்தார். அது சரிப்படவில்லை; சண்டை போட்டுக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டார். வெளியீட்டுத் தேதி மட்டும் மாறவில்லை. அச்சுக்குப் போக சில வாரங்களே மிச்சம். அப்போது அவர் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போன ஆள் தோஷியோ சுசூகி. முப்பதைத் தொடாத வயது. 1972-இல் டோகுமாவில் சேர்ந்து ‘அசாஹி கெய்னோ’ வார இதழில் பழகியவர். அந்த இதழ் எப்படிப்பட்டது என்றால், யாகுசா கும்பல்களின் சண்டை, நடிகைகளின் கிசுகிசு, பந்தயக் குறிப்புகள். நம் ஊரில் சலூனில் மட்டும் கிடைக்கிற ரகம். சுசூகிக்கு அனிமே பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லியும் பார்த்தார். ஒகாதா விடவில்லை.

தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒகாதா யாரை அனுப்பினார் தெரியுமா? நிபுணர்களை அல்ல. அனிமேவில் ஊறிய சில உயர்நிலைப் பள்ளி மாணவிகளை. கிசுகிசு எழுதிய கையால் சுசூகி அவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டார். அதுதான் அந்தப் பத்திரிகையின் உண்மையான திட்டமிடல் கூட்டம் என்பேன். யார் யார் நல்ல இயக்குநர்கள், எந்தக் குரல் நடிகருக்கு எத்தனை கடிதம் வருகிறது, எந்தப் பழைய படத்தைத் திரும்பப் பார்க்க ஆள்கள் ஏங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. சுசூகியிடம் இருந்தது வேறு திறமை: யாரிடம் வேண்டுமானாலும் தொலைபேசியை எடுத்துப் பேசிவிடுகிற வார இதழ் நிருபரின் கூச்சமின்மை. துறை தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மாணவிகளுக்குப் பாடம் எடுத்திருப்பார். தெரியாதவர் என்பதால் கேட்டார்.

அவர்கள் சொன்ன பழைய படங்களில் ஒன்று ‘சூரியனின் இளவரசன் ஹோருஸ்’. 1968-இல் தோயெய் ஸ்டுடியோ எடுத்தது. தகாஹாதா இயக்கிய முதல் படம். ஸ்டுடியோவின் தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவர்களே கூடி எடுத்த படம். ஆண்டுக்கணக்கில் இழுத்து, செலவு எகிறி, வெளியாகி, சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போனது. பத்து வருடம் கழித்தும் மாணவிகள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் சில பக்கம் ஒதுக்கலாமே என்று சுசூகிக்குத் தோன்றியது. தகாஹாதாவுக்கு போன் போட்டார், இரண்டு வரி கருத்துக் கேட்க.

தகாஹாதா ஒரு மணி நேரம் பேசினார். எதைப் பற்றி? தான் ஏன் கருத்துச் சொல்ல மாட்டேன் என்பதைப் பற்றி. அணு அணுவாக, தர்க்கம் பிசகாமல். முடிவில், பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார், அவர் பேசக்கூடும் என்று ரிசீவரைக் கொடுத்தார். அப்போது அவர்கள் இருவரும் ‘எதிர்காலச் சிறுவன் கோனன்’ தொடரில் மூழ்கியிருந்தார்கள். வந்த குரல் மியாசாகி. எனக்குப் பேச நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டு வரியில் அடங்காது, தொழிற்சங்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பதினாறு பக்கம் கொடுங்கள் என்றார். புத்தக அச்சகக் கணக்கில் ஒரு முழு ஃபாரம்! லே-அவுட் முடிந்துகொண்டிருந்த இதழில் சுசூகி எங்கே போவார் அதற்கு? ஆக, ஒருவர் பேசவே மாட்டேன் என்றார், இன்னொருவர் அளவில்லாமல் பேசுவேன் என்றார். முதல் இதழுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. ஆனால் கிசுகிசு இதழில் ஒரு வரியைக் கறக்கப் பழகிய சுசூகிக்கு, ஒரு சினிமாவைப் பற்றி இப்படி மல்லுக்கட்டுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே புதுச் செய்தி.

1978 மே 26 அன்று ‘அனிமேஜ்’ கடைக்கு வந்தது. அட்டையில் ஜூலை என்று போட்டிருக்கும். ஜப்பானிய மாத இதழ்களுக்கு எப்போதும் ஒரு மாதத்துக்குமேல் முன்னால் ஓடுகிற நாள்காட்டி. அட்டைப்படம் யமாட்டோ. அந்த ஆகஸ்டில் அடுத்த யமாட்டோ படம் வரவிருந்ததால் நேரமும் பொருந்தி வந்தது.

பெரிய அளவு, வண்ணப் பக்கங்கள், சுவரில் ஒட்டுகிற படங்கள். ‘பேசும் படம்’, ‘பொம்மை’ வாங்கி நடுப்பக்கத்தைப் பிரித்தெடுத்த தலைமுறைக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. நட்சத்திரத்தின் இடத்தில் பொம்மைப்பட நாயகன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்தப் படங்களுக்கு நாம் இன்று நினைப்பதைவிட அதிக வேலை இருந்தது. விஎச்எஸ் ரெக்கார்டர் 1976-இல்தான் வந்தது. முதல் மாடலின் விலை இரண்டரை லட்சம் யென்னுக்கு மேல். ஒளிபரப்பு முடிந்தால் முடிந்ததுதான், மறுஒளிபரப்பு வரும்வரை திரும்பப் பார்க்க வழியில்லை. எனவே படச்சுருளிலிருந்து எடுத்த ஃபிரேம்களை வரிசையாக அச்சிட்ட ஒரு பக்கம், அந்த வாசகிக்கு அலங்காரம் அல்ல. போன வாரம் அரை நிமிடத்தில் கடந்துபோன காட்சியை நிறுத்திப் பார்க்கிற ஒரே வசதி. பேருந்தில், வகுப்பில், போர்வைக்குள் அவள் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அசைகிற ஒன்றைப் பற்றி அசையாத தாளில் பத்திரிகை நடத்த முடியுமா என்று திட்டம் போடும்போது யாரேனும் தயங்கியிருந்தால், பதில் இதுதான். தாள் அசையாது என்பதாலேயே வாங்கினார்கள்.

இன்னொரு முடிவு, இதைவிடப் பெரியது: வரைந்தவர்களின் பெயரைப் போடுவது. நாயகன் பெயர், நாயகி பெயர், குரல் கொடுத்தவர் பெயர் எல்லாரும் போடுவார்கள். இயக்குநர், ஓவிய இயக்குநர், பின்னணி வரைந்தவர் என்று பெயர் பெயராகப் பேட்டி எடுத்துப் போட்டதால்தான், ரசிகர் கூட்டம் தொடரைவிட்டுத் தொடரை எடுத்தவர்களைப் பின்தொடர ஆரம்பித்தது. இதையும் மாணவிகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் பத்திரிகை கற்றது.

மியாசாகியைச் சந்திக்க அடுத்த வாய்ப்பு 1979-இல் வந்தது. ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’ படத்தில் கழுத்துவரை வேலை அவருக்கு. சுசூகி ஒரு சக நிருபருடன் போய் நின்றார். பேச முடியாது என்று குனிந்துகொண்டார் மியாசாகி. இவர்கள் நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் எழவில்லை, மறுநாளும் வந்தார்கள். ஒரு கட்டத்தில் மியாசாகி தலை நிமிராமலேயே ஒன்று கேட்டார்: கார் துரத்தலில் ஒரு வண்டி இன்னொன்றை முந்துவதற்கு ஏதாவது தனிச்சொல் உண்டா? உடன் வந்த நிருபர் சைக்கிள் பந்தயப் புலி. சட்டென்று பந்தயக்காரர்களின் சொல்லை எடுத்துக்கொடுத்தார். அதிலிருந்து பேச்சு திறந்துகொண்டது. சலூன் பத்திரிகைப் படிப்பு வீண்போகவில்லை.

காக்லியோஸ்ட்ரோ வசூலில் சுமார். அடுத்துப் படம் கொடுக்க மியாசாகிக்கு ஆளில்லை. அந்த நேரத்தில், 1981 ஆகஸ்ட் இதழில், அனிமேஜ் அவருக்கென்றே ஒரு பெரிய சிறப்புப் பகுதி போட்டது. சந்தையில் விலைபோகாதவர் என்று பேரெடுத்த ஒருவரை, அவருடைய ஓவியங்களையும் பழைய வேலைகளையும் கோத்து, இவர் யார் தெரியுமா என்று பதின்வயது வாசகர்கள் முன் நிறுத்தியது. போன ஜூலை மாத இதழ் என்ன விற்றது என்று பார்த்து அடுத்த ஜூலையைத் திட்டமிடும் ஆசிரியர் இதைச் செய்யமாட்டார்.

பிறகு ஒகாதாவும் சுசூகியும் மியாசாகியின் படத் திட்டம் ஒன்றை டோகுமா நிர்வாகத்தின் முன் வைத்தார்கள். அந்தக் குழுமத்திடம் தாயெய் திரைப்பட நிறுவனமும் இருந்தது. பதில்: மூலக்கதை இல்லாத படத்துக்குப் பணம் போட முடியாது. ஏற்கெனவே விற்ற மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) இருந்தால் கொண்டுவாருங்கள். சரி, மூலம்தானே வேண்டும், நம் கையிலேயே பத்திரிகை இருக்கிறதே என்று இவர்கள் திரும்பினார்கள். மியாசாகி ஒப்புக்கொண்டார். ஆனால் படமாக்க முடியாத விதத்தில், மாங்காவில் மட்டுமே சாத்தியமான ஒன்றாக வரைவேன் என்றார். 1982 பிப்ரவரி இதழில் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நவ்ஸிகா’ தொடங்கியது. பக்கத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பிய அடர்த்தியான கோடுகள். வேகமாகப் புரட்டவே முடியாத மாங்கா.

படமாகாது என்றவர் 1984 மார்ச் 11 அன்று அதைப் படமாகவே வெளியிட்டார். தயாரிப்பாளர் பொறுப்புக்கு அவர் கேட்டது தகாஹாதாவைத்தான். தகாஹாதா ஒரு நோட்டு முழுக்க எழுதி, ஆகவே நான் தயாரிப்பாளராகத் தகுதியற்றவன் என்ற முடிவுக்கு வந்தார். சுசூகிக்கு இந்த வகைப் பதில் பழக்கம் என்பதால் விடவில்லை. தகாஹாதாவே தயாரிப்பாளர் ஆனார்.

பத்திரிகைக்காரனாக எனக்கு இங்கே ஓர் உறுத்தல் உண்டு. துறையைப் பற்றி எழுதவந்த இதழ், அந்தத் துறையிலேயே முதலாளியாகிவிட்டது. 1979 முதல் அனிமேஜ் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டின் சிறந்த அனிமேவைத் தேர்ந்தெடுத்து வந்தது. 1984-க்கான வெற்றி, வேறு எது, நவ்ஸிகாதான். தன் இதழில் பிறந்து, தன் நிறுவனம் பணம் போட்ட படத்துக்குத் தன் வாசகர்களின் பரிசு. வாசகர்கள் மனமாரத்தான் வாக்களித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அதே பக்கங்களில் இன்னொருவரின் படத்துக்குச் சமமான இடம் கிடைத்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1985-இல் டோகுமாவின் பணத்தில் மியாசாகி, தகாஹாதாவின் படங்களை எடுக்க ஸ்டுடியோ கிப்லி தொடங்கியது. சுசூகி சில ஆண்டுகள் பகலில் ஆசிரியர், இரவில் சினிமாக்காரர் என்று இரண்டு வண்டி ஓட்டி, 1989-இல் முழுமையாகக் கிப்லிக்குப் போய்விட்டார். நவ்ஸிகா மாங்கா நடுநடுவே படங்களுக்காக நின்று நின்று, 1994 மார்ச் இதழில்தான் முடிந்தது. ஏழு தொகுதிகள். பதினாறு பக்கம் கிடைக்காதவருக்குப் பன்னிரண்டு ஆண்டு பக்கம் கிடைத்தது.

இதற்கிடையே மற்ற பதிப்பகங்கள் சும்மா இருக்குமா? ‘தி அனிமே’, ‘மை அனிமே’, ‘அனிமீடியா’ என்று அடுத்தடுத்து வந்தன. சில பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. 1985-இல் கடோகாவா பதிப்பகம் கொண்டுவந்த ‘நியூடைப்’ மட்டும் ஆட்டத்தின் விதியையே மாற்றியது. அதன் வாசகர் யமாட்டோவுக்கு வரிசையில் படுத்தவர் அல்ல, ‘கண்டம்’ (Gundam) என்ற ரோபோ அனிமேவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அது அடுத்த வாரம்.

(தொடரும்)